பற்றரி கழற்றிய பின்

1990களின் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் என்பது மருந்துச் சீசாவில் அடைத்துக் காக்கப்பட்ட பொருளாகும். பொருளாதாரத் தடை நிலவிய அவ்வாண்டுகளில் மண்ணெண்ணெயே மோட்டார் வாகனங்களின் உணவாயிற்று. இயந்திரத்தை உயிர்ப்பிப்பதற்கு மட்டும் காபரேற்றரினுள் சில துளி பெற்றோல் விடப்படும். சூடேறிய பின்னர் எஞ்சிய தூரத்திற்கு மண்ணெண்ணெய் பொறுப்பேற்கும். ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் என, பிறந்த நாட்டிலேயே காண்பதற்கு அரியனவாகிவிட்ட வாகனங்கள் குடாநாட்டின் குண்டுங்குழியுமான வீதிகளில் அன்று வாடகைக்கு ஓடின. அவற்றை ஓடச்செய்தோர், உதிரிப்பாகம் கிடையாத இடத்திலே உதிரிப்பாகத்தைத் தாமே ஆக்கிக்கொண்ட பொறிவினைஞர்கள். அவர்களது சாதனை இன்னும் உரியமுறையில் எழுதப்படவில்லை என்றே கூறவேண்டும்.

அத்தகையோருள் ஒருவர், யாழ்ப்பாணத்தின் ஒழுங்கையொன்றிலே தகரக் கொட்டிலின் கீழ்க் கராச் ஒன்றை நடத்திவந்தார். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது, கையோ நிற்கவில்லை. அவரிடம் தொழில் பழகியோர் அனைவரும் முதல்நாளிலேயே கேட்கும் பாடம் ஒன்றுண்டு. "பற்றரி வயரைக் கழட்டினால் வாகனம் செத்த பாம்பு. பிறகு எங்கையும் கை வைக்கலாம்." நாற்பது ஆண்டுக் காலம் அந்த விதி அவரை ஒருமுறையேனும் கைவிட்டதில்லை.

அவர் பழகிய வாகனங்களிற் சுக்கானைக் கழற்றுதல் கால்மணி நேர வேலை. (சுக்கான் என்னும் சொல் அரபு மாலுமிகளின் வழி நம்மிடம் வந்தது, கப்பலைத் திருப்பிய சொல் இன்று காரைத் திருப்புகின்றது.) நடுவிலுள்ள ஹோர்ன் பொத்தானைத் திருகாணிச் சாவியாற் கிளப்பி, உள்ளேயிருக்கும் ஒற்றை வயரை விடுவித்து, பெரிய நட்டைச் சில புரிகள் தளர்த்தி, முழங்கால்கள் இரண்டையும் வளையத்தின் கீழே கொடுத்து மேல்நோக்கித் தள்ளியபடியே, தண்டின் தலையிற் பித்தளைத் துண்டொன்றை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாற் போதும். 'டக்' என்ற ஓசையுடன் அது மடியில் வந்துவிழும். அந்த ஒரு தட்டின் அளவு அவருக்குத் தெரியும். கூடினாலும் குறைந்தாலும் வேலை கெடும் என்பார்.

2009இற் போர் முடிந்து ஏ 9 வீதி படிப்படியாகத் திறந்தபின், கொழும்பிலிருந்து யப்பானிய வாகனங்கள் வடக்கே வரத்தொடங்கின. பழைய கேம்பிறிட்ஜ் வாகனங்கள் திருமண ஊர்வலங்களுக்கும் வெளிநாட்டு உறவினரின் நிழற்படங்களுக்கும் உரியனவாகிச் சுருங்கின. கராச்சின் முற்றத்திற்கு வந்த புதிய வாகனங்களின் சுக்கான் நடுவில் ஹோர்ன் பொத்தான் இருக்கவில்லை. வளைந்து புடைத்த மூடியொன்றும் அதன்மேல் மூன்று ஆங்கில எழுத்துகளும் இருந்தன: எஸ்.ஆர்.எஸ். அவற்றின் பொருள் மேலதிகப் பாதுகாப்பு அமைப்பு என்பதாகும். அந்த மூடிக்குள்ளேதான் காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கின்றது.

2018ஆம் ஆண்டின் ஒரு காலைப்பொழுதில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தமது சிறிய யப்பானிய வாகனத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவரது முறைப்பாடு ஒன்றே: ஹோர்ன் அடிப்பதில்லை. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் ஹோர்ன் இல்லாத வாகனம் ஊமைப் பிள்ளைக்குச் சமம். முகப்பிற் சிவப்பு விளக்கொன்றும் பல மாதங்களாக எரிந்துகொண்டிருந்தது. அமர்ந்திருக்கும் மனிதனொருவனின் முன்னே பந்துபோன்ற வட்டமொன்றைக் காட்டும் விளக்கு அது. அதனை ஆசிரியர் ஒரு முறைப்பாடாகவே கருதவில்லை. வாகனம் ஓடுகிறதுதானே!

பொறிவினைஞரின் மருமகன் தொழினுட்பக் கல்லூரியிற் பயின்றவன். ஹோர்னும் விளக்கும் ஒரே நோயின் இரு குறிகள் என்பதை அவன் உடனே கண்டுகொண்டான். சுற்றிக்கொண்டேயிருக்கும் சுக்கானுக்கும் அசையாத தண்டுறைக்கும் இடையே மின்சாரம் செல்லவேண்டுமாயின், பழைய வாகனங்களில் உரசும் வளையமொன்று அப்பணியைச் செய்தது. காற்றுப்பைக்கோ அத்தகைய ஐயத்திற்கிடமான தொடுகை போதாது. ஆகவே மணிக்கூட்டின் வில்லைப் போலச் சுருட்டப்பட்ட தட்டை நாடா வடமொன்று அங்கே வைக்கப்பட்டுள்ளது. சுக்கான் ஒருபுறம் திரும்பும்போது சுருள் இறுகும். மறுபுறம் திரும்பும்போது தளரும். பல்லாயிரம் தடவை இவ்வாறு இறுகித் தளர்ந்தபின் ஒருநாள் நாடா அறும். அறுந்த நாடாவின் வழியே ஹோர்னின் செய்தியும் செல்லாது, காற்றுப்பையின் செய்தியும் செல்லாது. ஆசிரியர் பல மாதங்களாகப் பாதுகாப்பற்ற சுக்கானின் முன்னேதான் அமர்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்த குறை ஊமைத்தனம் மட்டுமே.

வடத்தை மாற்றவேண்டுமாயின் சுக்கானைக் கழற்றியாகவேண்டும்.

முன்சில்லுகளை நேரே நிறுத்தி, திறப்பை எடுத்து, பற்றரியின் மறைமுனையைக் கழற்றி, அது தற்செயலாகவும் திரும்பத் தொடாதவாறு துணி சுற்றிவைத்தான் மருமகன். பெரியவர் தமது சாக்கிலிருந்து சுத்தியலையும் பித்தளைத் துண்டையும் எடுத்துக்கொண்டு சாரதி ஆசனத்தில் ஏறினார்.

"கொஞ்சம் பொறுங்கோ மாமா."

"பற்றரி கழட்டியாச்சு. இனி என்னத்துக்குப் பொறுக்கிறது?"

"இது இன்னும் சாகேல்லை."

அந்த மறுமொழி பெரியவருக்கு நகைப்பையன்றிச் சினத்தையே மூட்டியது. நாற்பதாண்டு விதியை நேற்று வந்தவன் மறுப்பதா? இருவருக்குமிடையே சிலகாலமாகவே நிகழ்ந்துவந்த மெல்லிய பிணக்கு அன்று வெளிப்பட்டது. மருமகன் கைத்தொலைபேசியில் ஆங்கிலக் கைந்நூலொன்றைத் திறந்து காட்டினான். அதனைப் பெரியவர் பார்க்கவில்லை. பிறகு அவன் வேறொரு வழியை நாடினான்.

"மாமா, பழைய கேம்பிறிட்ஜிலை டிஸ்ரிபியூற்றருக்குப் பக்கத்திலை ஒரு கொண்டென்சர் இருக்குமல்லோ? உதுக்குள்ளை அதைப்போலை ஒண்டு, இன்னும் பெரிசு."

பெரியவரின் கை தணிந்தது. கொண்டென்சரை அவர் அறிவார். வேலை பழகவந்த முதற்கிழமையில், மூத்த தொழிலாளியொருவன் மின்னேற்றிய கொண்டென்சர் ஒன்றை, "இந்தா பிடி" என்று அவரை நோக்கி எறிந்திருந்தான். பதினான்கு வயதுச் சிறுவனின் கையை அது உதறியெறிந்தது. கராச் முழுவதும் சிரித்தது. எந்தப் பற்றரியுடனும் தொடர்பின்றி, வெறும் தகரக் குவளைபோற் கிடந்த பொருளொன்று கடிக்கும் என்பதை அவர் அன்றே கற்றிருந்தார். கற்றதனை இங்கே பொருத்திப் பார்க்கவில்லை, அவ்வளவே. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வாகனத்திலிருந்து இறங்கினார்.

காற்றுப்பையின் கட்டுப்பாட்டுப் பெட்டியினுள் கொள்ளளவி வைக்கப்பட்டிருப்பதற்குத் தக்க காரணமுண்டு. கடுமையான மோதலில் முதலில் நசுங்குவது வாகனத்தின் முன்பகுதி. பெரும்பாலான வாகனங்களிற் பற்றரி இருப்பதும் அங்கேதான். பற்றரி அழிந்த கணத்திலும் பை விரியவேண்டுமெனின், அதற்குரிய மின்னைப் பெட்டி தன்னிடமே சேமித்து வைத்திருக்கவேண்டும். உயிர்காக்கும் பொருட்டுச் செய்யப்பட்ட அதே முன்னேற்பாடுதான் திருத்துவோனுக்குப் பொறியாகின்றது. அச்சேமிப்பு வடிவதற்கு நேரம் கொடுத்தல் வேண்டும். ரொயோட்டாவின் திருத்தக் கைந்நூல்கள் 90 விநாடி என்கின்றன. ஹொண்டாவினுடையவை 3 நிமிடம் என்கின்றன. 10 நிமிடமோ அதற்கு மேலோ விதிக்கும் வாகனங்களும் உள. எவ்வாகனம் என்பதில் ஐயமிருப்பின் கூடிய நேரத்தைக் கொள்வதே அறிவுடைமை. தேநீர் ஒன்று குடிக்கும் நேரம் போதுமானது. அன்று அவர்கள் குடித்ததும் அதுவே.

இக்கருவியின் பிறப்பைப் பற்றி வழங்கும் செய்தியொன்று இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1952இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலே, ஜோன் ஹெட்றிக் என்னும் பொறியியலாளர் தம் மனைவியோடும் சிறுமகளோடும் வாகனத்திற் செல்கையில் திடீரென நிறுத்த நேர்ந்தது. தாயும் தந்தையும் தம்மையறியாமலே மகளின் முன்னே கையை நீட்டி அவளைத் தாங்கினர். அந்தக் கையின் வேலையை ஒரு பொறி செய்யமுடியாதா என்ற எண்ணமே 1953இல் அவர் பெற்ற புனைவுரிமமாக உருப்பெற்றது. எனினும் கையைப்போல விரைந்து நீளும் பை கைகூடுவதற்கு நெடுங்காலம் சென்றது. அமுக்கிய காற்று அந்த வேகத்திற்கு ஈடுகொடுக்கவில்லை. வெடிமருந்தையொத்த திண்மமொன்றை எரித்து வாயுவாக்கவேண்டியதாயிற்று. சோடியம் ஏசைட்டு எரியூட்டப்பட்டதும் பெருமளவு நைதரசனை வெளியிட்டது. பின்னாளில் அதன் நச்சுத்தன்மை கருதி வேறு சேர்வைகள் அதன் இடத்தைப் பெற்றன. ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால், அவற்றுள் ஏறத்தாழ 30 கூறுகளுக்குள் பை விரிந்து முடிகின்றது. கண்ணிமை ஒருமுறை மூடித்திறக்க இதனிலும் சில மடங்கு நேரம் செல்லும். ஆகவே, 'வெடித்தால் விலகிக்கொள்ளலாம்' என்ற பேச்சிற்கே இங்கு இடமில்லை. விலகல் முன்னரே நிகழ்ந்திருக்கவேண்டும்.

சுத்தியலைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. யப்பானின் தகாட்டா நிறுவனம் தன் பைகளை விரிக்க அமோனியம் நைத்திரேற்றைப் பயன்படுத்தியது. ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரப்பதனும் தாக்கியபோது அம்மருந்து சிதைந்து, எரியவேண்டிய அளவினும் வேகமாக எரிந்து, தன்னைச் சூழ்ந்த உலோகக் கலத்தையே சிதறடித்தது. 2008இலிருந்து உலகெங்கும் ஏறத்தாழ 10 கோடிப் பைகள் மீள அழைக்கப்பட்டன. 2017இல் நிறுவனமே நொடித்தது. 2016 ஜூனில், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே, நிறுத்தி வைக்கப்பட்டிருந்த 2001ஆம் ஆண்டு ஹொண்டா அக்கோட் வாகனமொன்றினுள் முதியவரொருவர் திருத்தவேலை செய்துகொண்டிருந்தார். திறப்புப் போடப்பட்டிருந்தது, கையிற் சுத்தியல். பை வெடித்தது, உலோகக்கலம் சிதறியது, அவர் பிழைக்கவில்லை. வாகனம் ஓரடிதானும் நகரவில்லை.

வெப்பமும் ஈரப்பதனும் இலங்கைக்குப் புதியன அல்ல. பழைய வாகனமாகக் கப்பலேறி வந்து, கைமாறிக் கைமாறி நின்ற ஒன்றை, உற்பத்தியாளரின் மீளழைப்புக் கடிதம் தேடி வந்தடைவதும் எளிதன்று. மருமகன் புளோரிடாச் செய்தியை மாமனுக்குச் சொன்னது தேநீரின்போதுதான். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் சுத்தியல் சாக்கினுள்ளே திரும்பிச் சென்றது.

அதன்பின் நிகழ்ந்த வேலையைச் சற்று விரித்துரைத்தல் தகும். ஏனெனில் அதன் ஒவ்வோர் அசைவிற்கும் காரணம் உண்டு. முதலில் இருவரும் வாகனத்தின் வெற்றுலோகத்தைத் தொட்டுத் தம் உடலின் நிலைமின்னைப் போக்கிக்கொண்டனர். சுக்கானின் பின்புறத்தே இருபக்கமும் இருந்த சிறு மூடிகளை அகற்றியதும் நட்சத்திரக் குழிவுடைய திருகாணிகள் தெரிந்தன. (சில வாகனங்களில் இவற்றிற்குப் பதிலாக வில்கம்பிக் கொளுவிகள் இருக்கும், துளையூடாக அழுத்தி விடுவிக்கவேண்டும்.) திருகாணிகள் தளர்ந்தபின் மூடியை மெல்ல முன்னே இழுத்தபோது மஞ்சள் நிறத் தொடுப்பு வெளிப்பட்டது. உலகின் எந்த வாகனமாயினும் காற்றுப்பையின் தொடுப்பு மஞ்சளாகவே இருப்பது வழக்கம். மஞ்சளைக் கண்டால் வெட்டாதே, ஒட்டாதே, அளக்காதே என்பது பொருள். பூட்டை மெல்லிய முனையாற் கிளப்பி, வயரைப் பிடித்திழுக்காது தொடுப்பைப் பிடித்தே கழற்றினான் மருமகன். கழன்றதும் அதனுள்ளிருக்கும் சிறு உலோகத்தகடு இரு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும். தற்செயலான மின் உள்ளே புகாதிருக்க அது ஒரு காவல்.

இவ்விடத்திற் பெரியவர் பழக்க மிகுதியால் மல்ரிமீற்றரை எடுத்தார். வடம் அறுந்ததா, பை பழுதா என்று அளந்தறிவதே அவரது முறை. வடத்தின் இரு முனைகளும் கழன்றபின் அதனை அளப்பதில் தவறில்லை. பையை அளக்கலாகாது. தடையை அளப்பதற்கு மீற்றர் செலுத்தும் சிறு மின்னே எரியூட்டியைத் தூண்டிவிடக்கூடும். மருமகன் தலையசைத்தான், அவர் மீற்றரை வைத்துவிட்டார். இம்முறை விவாதம் நிகழவில்லை.

கழன்ற பையைப் பெரியவரே எடுத்துச் சென்றார். மூடியுள்ள முகம் உடலுக்கு எதிர்ப்புறம் நோக்க, இரு கைகளாலும் பக்கங்களிற் பிடித்து, குழந்தையைத் தூக்குவதற்கு நேர்மாறான முறையிற் கொண்டுசென்றார். மேசையில் வைக்கும்போது முகம் மேல்நோக்கியிருத்தல் வேண்டும். நம் கை இயல்பாகச் செய்ய விரும்புவது இதற்கு மாறானது: அழகிய பக்கம் கீறுபடாதிருக்க அதனைக் கவிழ்த்து வைக்கவே தோன்றும். கவிழ்த்து வைத்த பை விரிந்தால், மேசையை உதைத்துக்கொண்டு உலோகப் பாகம் முழுவதும் முகட்டை நோக்கிப் பாயும். மேல்நோக்கி வைத்தது விரிந்தால் வெறுங்காற்றை அடித்துவிட்டு அடங்கும். வேலைப்பையன் ஒருவன் தேநீர்க் குவளையை அதன்மேல் வைக்கப்போனான். பெரியவர் போட்ட சத்தத்தில் ஒழுங்கையிற் சென்றவர்களே திரும்பிப் பார்த்தனர்.

எஞ்சியது பழைய வேலைதான். ஆனால் அதுவும் மாறிவிட்டது. தண்டிலும் சுக்கானிலும் நேர்க்கோட்டில் அடையாளமிட்டனர். நட்டைத் தளர்த்தினாலும் முழுவதும் எடுக்காது சில புரிகளில் விட்டுவைத்தனர். வளையம் திடீரென விடுபட்டு முகத்தில் அடிக்காமலிருக்க அது துணை. முழங்காலுக்கும் சுத்தியலுக்கும் பதிலாக 'புலர்' எனப்படும் இழுப்புக் கருவி பொருத்தப்பட்டது. இன்றைய சுக்கான் தண்டு, மோதலின்போது தானே மடிந்து சாரதியின் மார்பைக் காப்பதற்காகச் செய்யப்பட்டது. தலையிற் சுத்தியலால் அடித்தால் அந்த மடிப்பு மோதலின்றியே குலையக்கூடும். புலரின் திருகு கால்சுற்றுக் கால்சுற்றாக இறுகியது. பெரியவர் நன்கறிந்த அதே 'டக்' ஓசை எழுந்தது. அவர் முகத்தில் அப்போதுதான் சிறிது ஒளி தோன்றியது.

நாடா அறுந்துதான் இருந்தது. மாற்றுவடம் கொழும்பிலிருந்து வரவேண்டும்; பஞ்சிகாவத்தையிற் பழைய பாகமொன்று தேடிச் சொல்லியனுப்பப்பட்டது. சில நாள்கள் செல்லும் என்றறிந்ததும் ஆசிரியர் சோர்ந்தார். அங்கே நின்ற வாடகைச் சாரதியொருவன் ஒரு வழி சொன்னான். இரண்டு ஓம் அளவான தடையொன்றை அந்த மஞ்சள் தொடுப்பிற் செருகிவிட்டாற் பெட்டி ஏமாறிவிடும், விளக்கு அணையும். ஹோர்னுக்கு வெளியே ஒரு பொத்தான் போட்டுவிடலாம். நூறு ரூபாவும் செல்லாது.

"அப்பிடிச் செய்தாலும் காணும் அண்ணை. பை எனக்கென்னத்துக்கு? நான் மெதுவாய்த்தானே ஓடுறன்," என்றார் ஆசிரியர்.

இம்முறை மருமகன் வாய் திறக்கவில்லை. அவன் மாமனையே பார்த்துக்கொண்டிருந்தான். மாற்றுப்பொருள் வைத்தல் என்பது அந்தக் கொட்டிலின் பெருமையாகவே இருந்துவந்தது. பெற்றோலுக்கு மண்ணெண்ணெய், றப்பர் வளையத்திற்குச் சைக்கிள் ரியூப், தகட்டிற்குப் பிஸ்கற் தகரம் என்று வாழ்ந்த ஒருவர், இரண்டு ஓம் தடைக்கு ஏன் தயங்கவேண்டும்?

"மாஸ்ரர், நான் மண்ணெண்ணெயிலை கார் ஓட்டினனான். மண்ணெண்ணெய் பெற்றோலின்ரை வேலையைச் செய்தது. உந்தச் சாமான் பையின்ரை வேலையைச் செய்யாது. செய்யிறன் எண்டு சொல்ல மட்டும் செய்யும். உதை நான் பூட்டன்."

ஆசிரியர் பதில் சொல்லவில்லை. வாகனத்தை விட்டுவிட்டுப் பேருந்தில் வீடு சென்றார்.

ஐந்தாம் நாள் வடம் வந்தது. பழைய பாகம் ஆகையால் அதன் சுருள் நடுநிலையில் இருக்கும் என்று நம்பமுடியாது. நடுநிலை தவறிய சுருள், சுக்கானை ஒருபுறம் முற்றாகத் திருப்பும்போது நீளம் போதாமல் மீண்டும் அறும். மருமகன் அதனைக் கையில் ஏந்தி இடஞ்சுழியாக மெல்லத் திருப்பினான். இறுகி நின்றதும் வலஞ்சுழியாக ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுத் திருப்பி அடையாளங்களைப் பொருத்தினான். பல ரொயோட்டா வாகனங்களுக்கு உரிய கணக்கு அது. பிறவற்றிற்குச் சுற்றுகள் வேறுபடும். அந்தந்த வாகனத்தின் கைந்நூலே சான்று. பெரியவர் அருகிருந்து சுற்றுகளை வாய்விட்டு எண்ணினார். சுக்கான் பழைய அடையாளத்தில் அமர்ந்தது. நட்டு அளவறிந்து முறுக்கப்பட்டது. மஞ்சள் தொடுப்புப் பூட்டிக்கொண்ட ஓசையை இருவரும் கேட்டனர். மூடி தன் இடத்திற் பொருந்தியது.

பற்றரியை மீளத் தொடுக்கும்போது வாகனத்தினுள் எவரும் இருத்தலாகாது. முன்னாசனத்தில் ஏறியிருந்த ஆசிரியரைப் பெரியவர் இறக்கிவிட்டார். பிறகு மருமகனையும் தள்ளிநிற்கச் சொல்லி, தாமே கதவோரமாக நின்று, தலையையும் மார்பையும் சுக்கானுக்கு நேரே கொண்டுவராது, கையை மட்டும் நீட்டித் திறப்பைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. அது முதலில் எரியத்தான் வேண்டும். தன்னைத்தான் சோதித்துக்கொள்ளும் காலம் அது. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார். ஆறு என்று சொல்லி முடிக்குமுன் விளக்கு அணைந்தது.

ஆசிரியர் ஏறி அமர்ந்து ஹோர்னை அடித்துப் பார்த்தார். ஒழுங்கையிற் படுத்திருந்த நாயொன்று எழுந்து வழிவிட்டது.